மருந்தை நிறுத்துவது ஸப்ர் ஆகுமா?

 

 

இன்று ஒரு தவறை ஒப்புக்கொண்டுதான் பேச்சைத் தொடங்க வேண்டியிருக்கிறது. தவறு என்னுடையது. இரண்டு வருடங்களுக்கு முன் பெண்கள் பயானில் ஸப்ரைப் பற்றிப் பேசும்போது, நம் முஹல்லாவில் உள்ள ஒரு தாயாரைப் பெயர் சொல்லாமல் உதாரணமாகச் சொன்னேன். அவருக்குப் பத்து வருடத்துக்கு மேலாக முடக்குவாதம். கை விரல்கள் கோணிவிட்டன. ஆனாலும் ஒருநாள்கூட வலிக்கிறது என்று வாய் திறந்ததில்லை என்று அவருடைய மருமகள் என் வீட்டில் சொல்லியிருந்தார். அதை எடுத்து, ஸப்ர் என்றால் இதுதான் என்று பேசிவிட்டேன். பெயர் சொல்லாவிட்டாலும் கேட்ட எல்லாருக்கும் யார் என்று தெரிந்துவிட்டது. நம் ஊர் அப்படி.

சென்ற ரமளானுக்கு முன் அந்தத் தாயாரை மூச்சுத்திணறலோடு மருத்துவமனையில் சேர்த்தார்கள். அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. ஒன்றரை வருடமாக அவர் மருந்தை ஒழுங்காகச் சாப்பிடவில்லை. நாளைக்கு இரண்டு வேளை சாப்பிட வேண்டிய விலை உயர்ந்த மருந்தை ஒரு வேளையாக்கினார். பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள். வீட்டில் மகளுக்கு நிக்காஹ் பேசி முடித்ததும் முழுவதுமாக நிறுத்திவிட்டார். மகன் கேட்கும்போதெல்லாம், "போன மாசத்து மாத்திரையே மிச்சம் இருக்குப்பா, இந்த மாசம் வாங்க வேணாம்" என்று சொல்லியிருக்கிறார். மகனும் நம்பியிருக்கிறார்.

நலம் விசாரிக்கப் போனேன். மூக்கில் ஆக்சிஜன் குழாய் இருந்தது. ஏன் உம்மா இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். "நீங்கதானே ஹஜ்ரத் சொன்னீங்க, வாயைத் திறக்காம இருக்கிறதுதான் ஸப்ருன்னு" என்றார். என்னைக் குறை சொல்வதற்காக அவர் அதைச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை. இன்று இதைப் பேசுவதற்கு அவரிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன்.

அன்புச் சகோதரர்களே! நோயில் முறையிடாமல் இருப்பதுதான் ஸப்ரா? பிள்ளைகளுக்குச் சுமையாக இருக்கக் கூடாது என்று ஒரு தாய் தன் மருந்தை நிறுத்தினால், அல்லாஹ்விடம் அது பொறுமை என்று எழுதப்படுமா? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல, முதலில் அந்த நோய் என்னவென்று கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். தெரியாமல் பேசியதால்தான் நான் தவறு செய்தேன்.

முடக்குவாதம், மருத்துவர்கள் ருமட்டாய்டு ஆர்த்ரைடிஸ் என்று சொல்வது, வயதானால் வரும் முழங்கால் தேய்மானம் அல்ல. கிருமிகளை எதிர்த்துப் போராட அல்லாஹ் நம் உடலில் வைத்திருக்கும் எதிர்ப்புச் சக்தி, ஆள் தெரியாமல் சொந்த மூட்டையே தாக்குகிறது. மூட்டின் உள்சவ்வு வீங்கி, கவனிக்காமல் விட்டால் குருத்தெலும்பையும் எலும்பையும் அரித்துவிடுகிறது. பெரும்பாலும் கைவிரல், மணிக்கட்டு, பாதம் போன்ற சின்ன மூட்டுகளில் தொடங்கும். 2019ஆம் ஆண்டு உலகம் முழுவதும் ஏறத்தாழ 1 கோடியே 80 லட்சம் பேருக்கு இந்த நோய் இருந்ததாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அவர்களில் 100க்கு 70 பேர் பெண்கள். முப்பது, நாற்பது வயதிலும் வரும்.

இந்த நோயின் முக்கியமான அடையாளம் காலை நேரத்து இறுக்கம். தூங்கி எழுந்தால் ஒரு மணி நேரம், சிலருக்கு அதற்கு மேலும், விரல்களை மடக்கவோ நீட்டவோ முடியாது. அதாவது ஃபஜ்ர் நேரத்தில்தான் இந்த நோய் ஆளை அதிகமாகப் பிடிக்கிறது. அந்தத் தாயார் ஃபஜ்ருக்கு ஒரு மணி நேரம் முன்பே எழுந்து, வெந்நீரில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாராம். உளூ செய்யக் குழாயைத் திருக வேண்டும். ஸஜ்தாவில் உள்ளங்கையைத் தரையில் பரப்ப வேண்டும். அத்தஹிய்யாத்தில் கலிமா விரலை நீட்ட வேண்டும். நமக்கு இவையெல்லாம் யோசிக்காமல் நடப்பவை. அவருக்கு ஒவ்வொன்றும் தனி வேலை. பத்து மணிக்கு மேல் இறுக்கம் தளர்ந்து சமையல்கட்டில் நிற்கும்போது பார்ப்பவர்கள், "நல்லாத்தானே இருக்காங்க" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். ஃபஜ்ர் நேரத்தில் அவரைப் பார்த்தவர் யார்?

இந்த நோய் மூட்டோடு நிற்பதும் இல்லை. கண், இரத்தக்குழாய், இதயம், நுரையீரல் என்று எங்கும் போகும். நோயாளிகளில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு வெளியே தெரியும் அளவுக்கு நுரையீரலில் தழும்பு விழுகிறது. பஞ்சு போல விரிந்து சுருங்க வேண்டிய நுரையீரல், காய்ந்த தோலைப் போல இறுகிப் போகிறது. முதலில் வறட்டு இருமல். பிறகு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். பிறகு ருகூஉவிலிருந்து நிமிர்ந்தாலே மூச்சு வாங்கும். மூட்டுவலிக்காரர் அதிகம் நடமாடாததால் மூச்சு வாங்குவது நெடுநாள் வெளியே தெரிவதில்லை. அந்தத் தாயாரின் இருமலை ஒரு வருடம் தூசி என்று நினைத்திருக்கிறார்கள்.

விழுந்த தழும்பை அழிக்கும் மருந்து இன்றுவரை இல்லை. மேலும் பரவுவதைத் தாமதப்படுத்தும் மருந்துகள் உண்டு. அவற்றில் நின்டெடானிப் என்ற ஒன்றைத்தான் அவருக்கு எழுதியிருந்தார்கள். அதைச் சாப்பிட்டால் நோயாளிக்கு உடம்பு தேறியது போல எதுவும் தெரியாது. வயிற்றுப்போக்கு வேண்டுமானால் தெரியும். சறுக்கலின் வேகம் குறைகிறது, அவ்வளவுதான். ஆகவே, மாதம் பல ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்கும் ஒரு மருந்து கண்ணுக்குத் தெரியும் எந்தப் பலனும் தரவில்லை என்று ஒரு ஏழைத் தாய் நினைத்ததில் ஆச்சரியம் இல்லை. நிறுத்தினாலும் மறுநாளே எதுவும் ஆகவில்லை. ஆறு மாதம் கழித்து ஆனது.

இடையில் ஒரு விஷயம். மூட்டுவலிக்குச் சாப்பிட்ட மாத்திரைதான் நுரையீரலைக் கெடுத்தது என்று உறவினர்கள் அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். நோயே நுரையீரலைத் தாக்கும் என்பதுதான் முதல் காரணம். மெத்தோட்ரெக்ஸேட் என்ற மாத்திரை சிலருக்கு அரிதாக நுரையீரலில் அழற்சியை உண்டாக்கும் என்பதும் உண்மை. அதனால்தான் இருமல், மூச்சிரைப்பு என்றால் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்பதை அவர் சொல்லட்டும், கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தவர் சொல்ல வேண்டாம். ஒன்றுக்கு இருமுறை சொல்கிறேன்: இந்த மாத்திரை வாரத்துக்கு ஒரே ஒரு நாள் சாப்பிடுவது. மறந்து தினமும் சாப்பிட்டு உயிருக்கே ஆபத்தானவர்கள் இருக்கிறார்கள். மறக்காத ஒரு நாளாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள் என்று மருத்துவர் சொன்னபோது, அந்தத் தாயார் வெள்ளிக்கிழமையைச் சொன்னாராம். ஜும்ஆ நாள் மறக்காது என்று.

புகைபிடிக்கும் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. புகையிலைப் புகை இந்த நோய் வருவதற்கே ஒரு காரணம். வந்த பிறகு நுரையீரலைக் கெடுப்பதிலும் அதற்குப் பங்கு உண்டு. பள்ளிவாசல் கேட்டுக்கு வெளியே நின்று பிடித்துவிட்டு வருகிறவர்களுக்குத்தான் சொல்கிறேன்.

இனி கேள்விக்கு வருவோம்.

ஸப்ர் என்றதும் நமக்கு நினைவுக்கு வருபவர்கள் அய்யூப் (அலை) அவர்கள். ஸாத் அத்தியாயத்தில் அல்லாஹ்வே அவர்களைப் பொறுமையாளர் என்று சான்று கூறுகிறான். அதைவிடப் பெரிய சான்றிதழ் கிடையாது. அதே அய்யூப் (அலை) அவர்களைப் பற்றி அன்பியா அத்தியாயத்தில் என்ன வருகிறது? தனக்குத் துன்பம் வந்துவிட்டது என்று தன் ரப்பிடம் வாய்விட்டு முறையிட்டார்கள் என்று வருகிறது. துன்பத்தைச் சொன்னவரைத்தான் அல்லாஹ் பொறுமையாளர் என்கிறான். அது அல்லாஹ்விடம் சொன்னது, மனிதர்களிடம் சொல்வது வேறு என்று யாராவது கேட்கலாம். நியாயமான கேள்வி.

இமாம் புகாரி (ரஹ்) அவர்களின் ஸஹீஹில் நோயாளிகள் பற்றிய பகுதியைத் திறந்து பாருங்கள். தனக்கு வலிக்கிறது என்று, தலை வலிக்கிறது என்று, வலி கடுமையாகிவிட்டது என்று நோயாளி சொல்வதற்கு அனுமதி உண்டு என்பதற்காகவே ஒரு தனிப் பாடம் வைத்திருக்கிறார்கள். அந்தத் தலைப்பிலேயே அய்யூப் (அலை) அவர்களின் முறையீட்டையும் சேர்த்திருக்கிறார்கள். அதன் கீழ் வரும் செய்தியில், ஆயிஷா (ரலி) அவர்கள் தலைவலியால் முனகுகிறார்கள். நபி (ஸல்) அவர்கள் அதைக் கண்டிக்கவில்லை. தனக்கும் தலைவலி என்று தாமும் சொல்கிறார்கள். இன்னொரு முறை இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் நபியவர்களின் உடம்பைத் தொட்டுப் பார்த்து, காய்ச்சல் கடுமையாக இருக்கிறதே என்று கேட்டபோது, உங்களில் இருவருக்கு வரும் அளவு காய்ச்சல் தனக்கு வருகிறது என்று ஒளிக்காமல் சொன்னார்கள். ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறேன் என்று மறைக்கவில்லை. நான் இரண்டு வருடங்களுக்கு முன் பயான் செய்தபோது இந்தப் பாடம் எனக்குத் தெரியாமல் இல்லை. நினைவுக்கு வரவில்லை. மௌனத்தைப் புகழ்வது பேச்சுக்கு எடுப்பாக இருந்தது.

அல்லாஹ்வின் தீர்ப்பைக் குறை சொல்வது ஒன்று. வலி இருக்கிறது என்று செய்தி சொல்வது இன்னொன்று. முதலாவதைத்தான் மார்க்கம் தடுக்கிறது. மருத்துவரிடமும் பிள்ளைகளிடமும் செய்தி சொல்லாவிட்டால் யார் என்ன செய்ய முடியும்?

இதற்கு எதிராக ஒரு வலுவான ஆதாரம் உண்டு. அதை மறைத்துவிட்டுப் பேசுவது நேர்மையாகாது. வலிப்பு நோய் உள்ள ஒரு கறுப்பினப் பெண்மணி நபி (ஸல்) அவர்களிடம் வந்தார். தனக்காக துஆ செய்யும்படி கேட்டார். பொறுத்துக்கொண்டால் சொர்க்கம், விரும்பினால் குணமடைய துஆ செய்கிறேன் என்று நபியவர்கள் தேர்வை அவரிடமே விட்டார்கள். அவர் பொறுமையைத் தேர்ந்தெடுத்தார். இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அந்தப் பெண்மணியைச் சொர்க்கவாசி என்று சுட்டிக்காட்டினார்கள். பார்த்தீர்களா, சிகிச்சை வேண்டாம் என்று இருப்பதுதானே உயர்வு என்று இதை வைத்துச் சொல்பவர்கள் உண்டு.

ஆனால் அந்தச் செய்தியை முழுவதும் படித்துப் பாருங்கள். அந்தப் பெண்மணி வீட்டில் மௌனமாக இருந்துவிடவில்லை. வந்தார், தன் நோயைச் சொன்னார், வலிப்பு வரும்போது தன் ஆடை விலகிவிடுகிறது என்ற, ஒரு பெண் சொல்லக் கூசும் விஷயத்தையும் சொன்னார். பொறுத்துக்கொள்கிறேன் என்று சொன்ன பிறகும், ஆடை விலகாமல் இருக்க துஆ செய்யுங்கள் என்று தனக்குத் தேவையானதைக் கேட்டு வாங்கினார். எல்லாவற்றையும் தெரிந்துகொண்டு, தெளிவாக, தானே எடுத்த முடிவு அது. நகைக்கடை பில்லையும் மண்டப வாடகையையும் பார்த்துவிட்டு இரகசியமாக மருந்தை நிறுத்தும் ஒரு தாயின் நிலை அதுவா? அவருக்குத் தேர்வை யார் கொடுத்தார்கள்?

சிகிச்சை செய்துகொள்வது கடமையா, சுன்னத்தா, ஆகுமானதா என்பதில் முன்னோர்களான இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. கட்டாயமில்லை என்று பெரும்பாலோர் சொன்னதற்குக் காரணம், அக்காலத்து மருந்தின் பலன் உறுதியாகத் தெரியாது. 1992இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி இதை ஆராய்ந்து, சிகிச்சையைக் கைவிட்டால் உயிர் போகும், உறுப்பு போகும், உடல் செயலிழந்து போகும், அல்லது நோய் பிறருக்குப் பரவும் என்ற நிலையில் சிகிச்சை கடமையாகும் என்று தீர்மானித்தது. முடக்குவாதத்தை விட்டுவைத்தால் நடப்பது இதில் மூன்று. ஸல்மான் (ரலி) அவர்கள், இரவெல்லாம் நின்று வணங்கி உடம்பை வருத்திய அபுத்தர்தா (ரலி) அவர்களிடம், உன் உடலுக்கும் உன்மீது உரிமை உண்டு என்ற கருத்தில் சொன்னதையும், நபியவர்கள் ஸல்மான் சொன்னது உண்மை என்றதையும் நாம் பலமுறை பேசியிருக்கிறோம். வணக்கத்துக்காகவே உடம்பின் உரிமையைப் பறிக்கக் கூடாது என்றால், மண்டப வாடகைக்காகப் பறிக்கலாமா?

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். நோய் முற்றி, மருந்தால் இனிப் பெரிய பலன் இல்லை, துன்பம்தான் மிச்சம் என்று மருத்துவரே சொல்லும் ஒரு கட்டம் வரலாம். அப்போது நோயாளியும் குடும்பமும் உட்கார்ந்து பேசி, வலியைக் குறைக்கும் சிகிச்சை மட்டும் போதும் என்று முடிவெடுத்தால் அதில் குற்றமில்லை. அங்கே எல்லாரும் ஒரு பாயில் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்தத் தாயார் தனியாக உட்கார்ந்து கணக்குப் போட்டார். அந்தக் கணக்குத் தப்பாகவும் போனது. மருந்தில் மிச்சம் பிடித்ததைப் போலப் பல மடங்கு அவசர சிகிச்சைப் பிரிவில் போய்விட்டது. பணத்தைவிட, அந்த மகனின் முகத்தைப் பார்த்தேன். உம்மாவுக்குச் செய்ய வேண்டியதைச் செய்யும் வாய்ப்பே தனக்குத் தரப்படவில்லை என்று அவன் அழுதான். பிள்ளைகளுக்காகச் செய்கிறோம் என்று தாய்மார்கள் நினைப்பது பிள்ளைகள் மேல் எப்படிப் போய் விழுகிறது பாருங்கள்.

சகோதரர்களே! இதுவரை அந்தத் தாயாரைப் பற்றிப் பேசினேன். இனி நம்மைப் பற்றி.

அபூதாவூதில் ஒரு சம்பவம் பதிவாகியிருக்கிறது. ஒரு பயணத்தில் ஒருவருக்குக் கல்லடிபட்டுத் தலையில் காயம். இரவில் குளிப்பு கடமையாகிவிட்டது. தயம்மும் செய்துகொள்ள எனக்குச் சலுகை உண்டா என்று உடன் வந்தவர்களைக் கேட்டார். தண்ணீர் இருக்கும்போது உனக்குச் சலுகை இல்லை என்றார்கள். அவர் குளித்தார், இறந்துபோனார். செய்தி நபி (ஸல்) அவர்களுக்கு எட்டியபோது, அவர்கள்தான் அவரைக் கொன்றுவிட்டார்கள் என்னும் அளவுக்குக் கடுமையாகச் சொன்னார்கள். தெரியாதென்றால் கேட்டிருக்கக் கூடாதா என்றார்கள். அந்தத் தோழர்கள் கெட்டவர்களா? இல்லை. மார்க்கத்தைப் பேணுவதாக நினைத்துத்தான் சொன்னார்கள். காயம் தங்கள் தலையில் இல்லை, அதனால் சொல்வது எளிதாக இருந்தது. அந்தத் தாயாரின் நோய் என் விரலில் இல்லை. அதனால் எனக்கும் எளிதாக இருந்தது.

ஒருவரைப் பொறுமைசாலி என்று புகழ்ந்துவிட்டால் நம் வேலை முடிந்துவிடுகிறது. அவர் இனிமேல் கேட்க மாட்டார். கேட்டால் அந்தப் பட்டம் போய்விடும். நாம் செலவில்லாமல் கொடுக்கும் பட்டத்துக்கு அவர் தன் நுரையீரலை விலையாகக் கொடுக்கிறார்.

யார் கொடுக்க வேண்டும்? முதலில் கணவன். இதில் பலருக்குத் தெரியாத ஒரு மஸ்அலா உண்டு. நம் பழைய ஃபிக்ஹ் நூல்களில் மனைவிக்கு உணவு, உடை, இருப்பிடம் கணவன் மீது கடமை, மருந்துச் செலவு கடமையில்லை என்றே இருக்கிறது. இப்னு குதாமா (ரஹ்) அவர்கள் அல்முக்னியில், வாடகைக்கு இருப்பவர் இடிந்த சுவரைக் கட்டித் தர வேண்டியதில்லை என்பதோடு அதை ஒப்பிடுகிறார்கள். இதைப் படித்துவிட்டு மனைவியின் மருந்துச் சீட்டை மாமனார் வீட்டுக்கு அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். நம் காலத்து அறிஞர் வஹ்பா அஸ்ஸுஹைலி (ரஹ்) அவர்கள் இதற்குச் சரியான பதில் எழுதினார்கள். அக்காலத்தில் மருந்து அடிப்படைத் தேவையாக இருக்கவில்லை, இன்று நோயாளிக்கு அது உணவைவிட முக்கியம், ஆகவே உணவைப் போலவே அதுவும் கடமை என்றார்கள். நல்ல நிலையில் அவளோடு வாழ்ந்துவிட்டு, நோய் வந்ததும் பெற்றவர்களிடம் அனுப்புவது நல்ல முறையில் குடும்பம் நடத்துவதாகுமா என்றும் கேட்டார்கள். என் கருத்தும் அதுதான். மனைவியோடு நல்ல முறையில் வாழுங்கள் என்ற குர்ஆனின் கட்டளையை வைத்துக்கொண்டு, வாடகைவீட்டுக் கணக்குப் பேச எனக்கு மனம் வரவில்லை.

அடுத்து பிள்ளைகள். வசதியற்ற பெற்றோரின் செலவு வசதியுள்ள பிள்ளைகள் மீது கடமை. ஆகவே ஒரு மகன் தன் ஜகாத்தை எடுத்து உம்மாவின் மருந்துக்குக் கொடுக்க முடியாது. வளைகுடாவில் இருந்து சிலர் அப்படி அனுப்புவதாகக் கேள்விப்படுகிறேன். உம்மாவுக்குக் கொடுப்பது கடன், ஜகாத் வேறு.

கணவனாலும் பிள்ளைகளாலும் முடியவில்லையென்றால் ஜமாஅத். ஜகாத் பெறத் தகுதியுள்ள எட்டுப் பிரிவினரில் ஏழையும் உண்டு, கடனாளியும் உண்டு. சிகிச்சைக்குக் கடன் வாங்கித் திருப்பிக் கொடுக்க முடியாதவர் இரண்டிலும் வருவார். தொகையை அவர் கையில் ஒப்படைத்து அவரை அதற்கு உரிமையாளராக்கிவிடுங்கள், அவர் மருந்து வாங்கிக்கொள்ளட்டும். ரமளானில் ஒரு தடவை ஆயிரம் ரூபாய் கொடுத்தால் தீரும் நோயல்ல இது. மாதாமாதம் வருவது. உமர் (ரலி) அவர்கள் சிரியாப் பயணத்தில், ஜாபியா அருகே தொழுநோய் பிடித்த கிறிஸ்தவர்கள் சிலரைக் கண்டு, ஸதகா நிதியிலிருந்து அவர்களுக்குக் கொடுக்கவும் உணவுப் படி ஏற்படுத்தவும் உத்தரவிட்டதாக பலாதுரி (ரஹ்) எழுதுகிறார்கள். படி என்றால் தொடர்ந்து வருவது. 1284இல் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் கட்டிய மருத்துவமனைக்குக் கடைகளையும் நிலங்களையும் வக்ஃபாக எழுதிவைத்தார். அந்த வருமானத்தில் மருந்து ஏழைக்கும் போனது. நம் பள்ளிவாசலுக்கும் வக்ஃப் கடைகள் இருக்கின்றன. அவற்றின் வாடகையில் எத்தனை ரூபாய் பெயிண்டுக்குப் போகிறது, எத்தனை ரூபாய் நோயாளிக்குப் போகிறது என்ற கணக்கை நிர்வாகிகள் என்னைவிட நன்றாக அறிவார்கள்.

அரசு தரும் உதவியையும் அறிந்துகொள்ளுங்கள். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் வாதநோய்க்கென்றே தனித் துறை இருக்கிறது. மெத்தோட்ரெக்ஸேட் போன்ற அடிப்படை மருந்துகள் விலை குறைந்தவை. சீக்கிரமே தொடங்கி விடாமல் சாப்பிட்டால் பலருக்கு அவற்றிலேயே நோய் அடங்கும். கொஞ்ச காலத்துக்கு முன்வரை எட்டாத விலையில் இருந்த ஊசிகளும் இப்போது கொஞ்சம் இறங்கியிருக்கின்றன. அடாலிமுமாப் என்ற ஊசியின் முதல் மாற்று வடிவம் 2014இல் நம் நாட்டில்தான் வந்தது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை உண்டு. ஆனால் அது பெரும்பாலும் மருத்துவமனையில் சேர்ந்து செய்யும் சிகிச்சைக்கு. மாதாந்திர மாத்திரை, இரத்தப் பரிசோதனை, பஸ் கட்டணம், ஆக்சிஜன் கருவி ஓடும் மின்கட்டணம், இவையெல்லாம் அதற்கு வெளியே நிற்கின்றன. ஜமாஅத் நிரப்ப வேண்டிய இடம் அதுதான்.

கூடவே ஓர் எச்சரிக்கை. மூன்று நாளில் வலி போகும் என்று பெயரில்லாத பொடியும் உருண்டையும் விற்கிறார்கள். அவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். வலி போகும். கூடவே எலும்பும் பலவீனமாகும், சர்க்கரையும் ஏறும். பள்ளிவாசல் வாசலில் இதற்கு நோட்டீஸ் கொடுக்க இனி அனுமதி இல்லை.

இப்போது அந்தத் தாயார் வீட்டில் இருக்கிறார்கள். போன நுரையீரல் திரும்பவில்லை. மருந்தை மறுபடி தொடங்கியிருக்கிறார்கள். நாற்காலியில் அமர்ந்து, தலையசைவால் ஸஜ்தா செய்து தொழுகிறார்கள். இது முழுமையான தொழுகைதானா ஹஜ்ரத் என்று போன வாரம் கேட்டனுப்பினார்கள். மூலநோய் இருந்த இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களிடம் நபியவர்கள், நின்று தொழ முடியாவிட்டால் உட்கார்ந்து, அதற்கும் முடியாவிட்டால் ஒருக்களித்துப் படுத்துத் தொழச் சொன்னதை எழுதி அனுப்பினேன். தண்ணீர் பட்டால் நோய் கூடும் என்று மருத்துவர் சொன்னால் தயம்மும் உண்டு, வெந்நீரில் முடியுமென்றால் உளூ செய்யுங்கள் என்றும் எழுதினேன். ரமளானில் நோன்பு வைப்பதா, ஃபித்யா கொடுப்பதா என்பதை மருத்துவரைக் கேட்டுவிட்டு வரட்டும் என்று மகனிடம் சொல்லியிருக்கிறேன். ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள் அதைத் திடீரென நிறுத்தக் கூடாது என்பதால் இது முக்கியம்.

தொழுகைக்குப் பின் நிர்வாகிகள் ஐந்து நிமிடம் உட்காருகிறார்கள். மாதந்தோறும் மருந்து வாங்க முடியாதவர்களின் பட்டியல் ஒன்று எடுக்கிறோம். பெயர் என்னிடமும் செயலாளரிடமும் மட்டும் இருக்கும். பெண்கள் பகுதியில் நான்கு நாற்காலிகளும், உளூ செய்யும் இடத்தில் வெந்நீரும், கையால் திருகாமல் முழங்கையால் தள்ளித் திறக்கும் குழாய் இரண்டும் வைக்க ஒரு சகோதரர் பொறுப்பேற்றிருக்கிறார். வீட்டுக்குப் போனதும் உங்கள் உம்மாவிடம் வலிக்கிறதா என்று கேட்காதீர்கள், இல்லை என்றுதான் சொல்வார்கள். மாத்திரை அட்டையை எடுத்துவரச் சொல்லி எண்ணிப் பாருங்கள்.